கடல் கேட்ட பூட்டு

கடல் போனைச் சோதித்துப் பார்த்து வள்ளங்களை விடத் தொடங்கிய அந்த ஆனி மாதத்தில் சிப்பித்துறையில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய மாதமே மீனவர் சங்கத்துக்கென்று வந்த புதிய செயலி பாதிப் பேருடைய போனில் திறக்க மறுத்து, உங்கள் கருவி பாதுகாப்பாக இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லி, டீசலுக்குப் போனவர்களை வெறுங்கேனோடு திருப்பி அனுப்பியிருந்தது, அதனால் கரையில் வந்த வழக்கம் கொஞ்சம் பிந்திக் கடலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் நின்றது நசரேனின் வள்ளம். கற்களைக் கொட்டி வளைத்துக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டிக் கொஞ்சதூரம் போயிருக்கும், எஞ்சின் ஒருமுறை அலறி அணைந்தது, வள்ளம் மணலில் ஏறியதுபோல நின்றது. சுற்றிலும் அலை எழுந்து விழுந்துகொண்டிருந்தது, மற்ற வள்ளங்கள் ஏறி இறங்கி அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தன, இது மட்டும் சிமெண்டுத் தரையில் போட்ட பெஞ்சு மாதிரி ஆடாமல் நின்றது. நசரேன் குனிந்து துடுப்பால் அடியில் குத்திப் பார்த்தான். பாறையில் குத்தியதுபோலக் கேட்டது. அவன் மருமகன் பக்கவாட்டில் குதித்துப் பார்த்தான். நனைந்தான், நீந்தினான், உப்புத்தண்ணீரைத் துப்பினான். மனிதனைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. வள்ளத்தைத்தான் பிடித்திருந்தது. உச்சிவேளைக்குள் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்து வள்ளத்துக்காரன் ஒருவன் நசரேனின் போனை வாங்கி அணைத்துவிட்டுத் தன் போனோடு அந்த வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும், அடியில் இருந்த தண்ணீர் இளகி, வள்ளம் பழையபடி ஆடத் தொடங்கியது.

கடலுக்கு என்னென்ன பிடிக்காது என்பதை ஊர் ஒவ்வொரு வள்ளமாக முட்டி முட்டித் தெரிந்துகொண்டது. பழைய பதிப்பை வைத்திருந்தால் பிடிக்கவில்லை, கண்ட இடத்திலிருந்து இறக்கிய சீட்டாட்டம் உள்ளே இருந்தால் பிடிக்கவில்லை, போனே இல்லாமல் வந்தாலும் பிடிக்கவில்லை; திரை உடைந்திருப்பதையும் மீன்செதில் ஒட்டியிருப்பதையும் அது பொருட்படுத்தவில்லை. எல்லாவற்றையும்விட, பூட்டில்லாத போன் அதற்கு ஆகவில்லை. இதுதான் ஊருக்குக் கஷ்டமாக இருந்தது. வள்ளத்துப் போனுக்குப் பூட்டு போடாமல் விடுவது சிப்பித்துறையின் பழக்கம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்பக்கப் பலகையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். கடலில் யாருக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும், எவன் ஈரக்கை பட்டாலும் அது திறக்க வேண்டும்.

இருந்தாலும் ஊர் பழகிக்கொண்டது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு போன்களை மந்திரித்துக் கொடுத்தார். தீர்த்தம் உள்ளே போய்விடக் கூடாது என்று எட்ட நின்று தெளித்தார். கடற்கரை ஏலத்தில் மீனுக்கு விலை சொல்வதற்கு முன்னால் எந்த வள்ளத்து மீன், அதன் போன் எந்த வருஷத்துப் போன் என்று வியாபாரிகள் கேட்கத் தொடங்கினார்கள், நாளைக்கும் இந்த ஆள் மீன் கொண்டுவருவானா என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட முடிந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்ட வாயால், போனில் விளையாட்டு ஏதும் வைத்திருக்கிறாரா என்றும் கேட்டார்கள். ஆண்கள் காலையில் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்ட கையோடு போனை எடுத்துப் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் நடுக்கடலுக்குப் போனதும் பூட்டு அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. ஆவணி மாதத்தில் நசரேனின் மருமகன், ஆழத்தில் வலை போட்டுவிட்டுக் காத்திருந்த நேரத்தில், ஒவ்வொரு தடவையும் கோடு இழுத்துத் திறக்கச் சலிப்பாக இருக்கிறது என்று பூட்டை அடியோடு எடுத்துவிட்டான். வள்ளம் அந்த இடத்திலேயே நின்றது. பிறகு பூட்டைப் போட்டும், ஆனியில் செய்ததுபோல வேறு போனைக் காட்டியும் கடல் உடனே நம்பவில்லை. கெட்ட பெயர் வாங்கிய போனை அது ரெண்டு நாள் வைத்துப் பார்த்தது. மற்ற வள்ளங்கள் சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தன. கொண்டுபோனவர்கள் எட்டிப் பார்த்தபோது, வள்ளத்துக்கு அடியில் ஓராள் ஆழத்துக்குத் தண்ணீர் கண்ணாடிபோல இறுகியிருந்ததையும், அதற்குள் ஒரு பெரிய திருக்கை, விரித்த செட்டை விரித்தபடி, மாட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார்கள். முதல் நாள் அதன் செவுள் அசைந்தது என்றார்கள். கடல் இளகியபோது அது மெதுவாகப் புரண்டு மல்லாந்து மிதந்தது.

அந்தத் திருக்கையைப் பற்றிக் கேட்ட பிறகுதான் பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஆண்பிள்ளைகளிடம் பூட்டை விட்டுவைக்க முடியாது என்று பேசி முடித்தார்கள். வள்ளத்துப் போனுக்குக் கோடு இழுக்கும் பூட்டை வீட்டுக்காரிதான் போட வேண்டும், அந்தக் கோடு அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும், கரையிலிருந்து அவள் கூப்பிட்டால் பூட்டியிருந்தாலும் எடுத்துப் பேசலாம், அங்கிருந்து கூப்பிட முடியாது. அவசர எண் மட்டும் போகும் என்றான் ஒருவன்; அவன் ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கிறான், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்று ஒரு குரல் கேட்டதாம். ஆண்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். போன் போனாக இருந்தது, கையில் இருந்தது, தாங்களாகக் கூப்பிட மட்டும் முடியவில்லை. கடல் வழிவிட்டது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது.

ஜெசிந்தா தன் வள்ளத்துப் போனுக்கு அப்படித்தான் பூட்டுப் போட்டாள். வள்ளம் பாதி அவள் புருஷன் கஸ்பாருக்கு, பாதி ரெண்டு வீடு தள்ளியிருந்த தொபியாசுக்கு; கூடப் போவது கஸ்பாரின் தம்பி டெல்வின். தொபியாசின் மனைவி சவேரியம்மாளுக்குப் போனில் எழுத்து பிடிபடாது, நீயே வச்சுக்கட்டி, உன் கை என் கை மாதிரிதான் என்று சொல்லிவிட்டாள். முதல் நாள் கஸ்பார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் கோட்டை இந்தப் பயலுக்காவது காட்டு" என்றான்.

"காட்டுனா சாயங்காலமே படம் ஓடும்" என்றாள் ஜெசிந்தா.

"மயினிக்கு என் மேல அம்புட்டு நம்பிக்கை" என்றான் டெல்வின்.

தினமும் பத்து மணிக்குப் பெண்கள் தூண்டில் வளைவின் முனைக்குப் போனார்கள். அங்கேதான் கடலுக்குப் போகும் சிக்னல் நன்றாக இருந்தது. கற்களின் மேல் ஆளுக்கொரு இடம் பிடித்து, சேலையைச் சொருகிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்கள், மீன் உண்டா, எப்போது வருவீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார்கள். ஜெசிந்தா பேசும்போது சவேரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒலியைக் கூட்டி வைத்து ரெண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள், கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் கச்சான் காற்று அந்த வருஷத்துக்குப் பிந்தி ஒருமுறை எழும்பியது. காலையில் இல்லை, வள்ளங்கள் போன பிறகு எழும்பியது. பத்து மணிக்கு ஜெசிந்தா கூப்பிட்டபோது நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தவன் டெல்வின்.

"மயினி, வலைக்கயிறு விசிறியில சுத்திருச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. அண்ணன் அடியில போயிருக்கான், அறுக்க."

"எங்க நிக்கிய?"

"நிக்கல மயினி. காத்து தள்ளுது. ஆனைப்பாருக்கு நேரா."

ஜெசிந்தா எழுந்து நின்றாள். ஆனைப்பார் என்பது தண்ணீருக்குள் கிடக்கும் பாறைத் திட்டு. அலை பெரிதாக இருக்கும் நாளில் வளைவின் முனையிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். இன்றைக்குக் கோடாக இல்லை, பெரிதாகப் பொங்கிப் பொங்கி அடங்கியது. அதற்கு இந்தப் பக்கம், ஒரு நகம் அளவுக்கு, நீலச் சாயம் பூசிய அவர்களுடைய வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நங்கூரம் போடலையால?"

"போட்டாச்சு. கீழ மண்ணு இல்ல, இழுத்துட்டுப் போவுது. மாமா அணியத்துல கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்காவ." அணியம் வள்ளத்தின் முன்முனை, அங்கே நின்றவர் தொபியாஸ். சவேரியம்மாள் ஒலியில் தன் புருஷன் கத்துவதைக் கேட்டாள், என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

வளைவில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி கரையைப் பார்த்து ஓடினாள். நசரேன் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அவன் வள்ளத்தை அவிழ்ப்பதும் ரெண்டு பேர் தள்ளுவதும் தெரிந்தது. அது போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சவேரியம்மாள்தான் வழி சொன்னாள். "பூட்டை எடுக்கச் சொல்லுட்டி."

ஜெசிந்தா போனைக் கையால் பொத்தினாள்.

"பூட்டை எடுத்தா வள்ளம் நிக்கும். நசரேன் வள்ளம் நின்ன மாதிரி நிக்கும். எந்தக் காத்தும் அசைக்காது. சொல்லு."

ஜெசிந்தாவுக்கு அது முன்பே தோன்றியிருந்தது. ஆனைப்பார் என்ற பெயரைக் கேட்டபோதே தோன்றியது, அந்தக் கணமே கண்ணாடித் தண்ணீருக்குள் செட்டை விரித்துக் கிடந்த திருக்கையும் தோன்றியது. அவள் பார்த்ததில்லை, கேட்டதுதான். கேட்டதுதான் இப்போது கஸ்பாரின் முகத்தோடு தெரிந்தது.

"டெல்வினு" என்றாள். "அண்ணன் இப்ப எங்க?"

"இப்பத்தான் மூச்சு வாங்கிட்டு மறுபடி போனான்."

"சரி. நான் சொல்லுதைக் கேளு. போனை உறையில இருந்து எடு. சட்டையில துடைச்சுக்க. கையையும் துடை. திரையைத் தட்டு, ஒம்பது புள்ளி வரும். நான் கோடு சொல்லுதேன்."

சொல்ல வாயெடுத்தவளுக்குக் கோடு வரவில்லை. தினமும் இழுத்த கோடு விரலுக்குத் தெரிந்திருந்தது, நாக்குக்குத் தெரியவில்லை. அவள் குனிந்து, பக்கத்துக் கல்லில் அலை விட்டுப்போன ஈரத்தில் ஆட்காட்டி விரலை வைத்து இழுத்தாள். விரல் தானாக வளைந்து, இறங்கி, பக்கவாட்டில் போய் நின்றது. அதைப் பார்த்துப் படித்தாள்.

"எண்ணு மாதிரி நினைச்சுக்க. மேல் வரிசை ஒண்ணு ரெண்டு மூணு. மூணுல ஆரம்பி. அஞ்சு. ஏழு. எட்டு. ஒம்பது. கையை எடுக்காம இழு."

"எடுக்கல... தப்புங்குது மயினி."

"ஈரமால?"

"எல்லாம் ஈரம்தான். இங்க காய்ஞ்சது என்ன இருக்கு."

"தலையில துடை. முடியில. மறுபடி இழு."

ரெண்டாம் தடவையும் தப்பு என்றது. அஞ்சு தடவை தப்பினால் போன் தன்னை மூடிக்கொள்ளும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சவேரியம்மாள் ஜெசிந்தாவின் தோளைப் பிடித்தாள், பிடி வலித்தது. மூன்றாம் தடவை காற்றுச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு, "திறந்துட்டு" என்றான் டெல்வின்.

பூட்டை எடுக்கும் இடத்துக்குப் போவதற்குள் இன்னும் மூன்று திரைகள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், மறுபடி ஒருமுறை கோடு கேட்டது, அவன் இழுத்தான், இந்தத் தடவை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது. கடைசியில், பூட்டை எடுத்துவிட்டால் உங்கள் கருவிக்குப் பாதுகாப்பு இருக்காது, எடுக்கவா என்று கேட்கும், கீழே ஆம், வேண்டாம் என்று ரெண்டு சொல் இருக்கும் என்றாள். இருக்கிறது என்றான்.

"அமுத்தாத" என்றாள் ஜெசிந்தா. "பெருவிரலை 'ஆம்'க்கு மேல வச்சுக்க. அமுத்தாத. அண்ணன் வந்துட்டானா?"

"வரல."

வள்ளம் இப்போது வெள்ளைப் பொங்கலுக்கு மிக அருகில் தெரிந்தது. ஏறும்போது முழுதாகத் தெரிந்தது, இறங்கும்போது காணாமல் போனது. ஒவ்வொரு தடவை காணாமல் போனபோதும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஜெசிந்தாவுக்கு மட்டும், ஊரில் வேறு யாருக்கும் இல்லாதபடி, அது இறங்குவதுதான் நிம்மதியாக இருந்தது. வள்ளம் ஏறி இறங்கும்வரை தண்ணீர் தண்ணீராக இருக்கிறது, தண்ணீர் தண்ணீராக இருக்கும்வரை கஸ்பாரால் மேலே வர முடியும்.

"டெல்வினு, அமுத்துல" என்று சவேரியம்மாள் போனுக்குள் சொன்னாள். கத்தவில்லை. "மாமாவைப் பாரு. கயிறு நிக்காது. அமுத்து மக்கா."

"மயினி?" என்றான் டெல்வின்.

"பொறு."

"ஏட்டி, அங்க ரெண்டு உசுரு நிக்குதுட்டி."

"மூணு உசுரு, அக்கா."

"ஒருத்தருக்காவ ரெண்டு பேரையும் பாறையில விடப்போறியா?"

ஜெசிந்தா போனை வாயருகே வைத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பி நின்றாள், முதுகு சவேரியம்மாளுக்கு இருந்தது. "டெல்வினு, நான் சொல்லுதவரைக்கும் அமுத்தாத. யாரு சொன்னாலும் அமுத்தாத." டெல்வின் சரி என்றானா என்று தெரியவில்லை. காற்று அவன் குரலை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது.

பிறகு, "தலை தெரியுது" என்றான்.

"அமுத்து" என்றாள் சவேரியம்மாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் ஜெசிந்தா.

"பின்பக்கம். பலகையைப் புடிச்சுட்டான். ஏற முடியல அவனுக்கு. சோர்ந்துட்டான்."

"காலு?"

"என்ன மயினி?"

"காலு எங்க கிடக்கு? வள்ளத்துக்கு அடியில கிடக்கா?"

"அடியிலதான் இழுக்குது, தண்ணி அடியில இழுக்குது."

"ரெண்டு காலும் உள்ள வரட்டும். இழுத்துப் போடு அவனை."

"கையில போன் இருக்கு."

"ஒத்தைக் கையால இழு. அமுத்திராத."

அப்போதுதான் அந்த அலை வந்தது. வளைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தூரத்தில் ஒரு நீளமான மேடாகத் தெரிந்தது, அதன் முதுகில் வள்ளம் ஏறியது, அணியம் தூக்கி நின்றது, அணியத்தில் ஓர் ஆள் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பது ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது, மேடு அவனோடு சேர்ந்து பாறைத் திட்டின் மேல் இறங்கியது. மரம் பாறையில் உரசிய சத்தம் போனில்தான் கேட்டது. கூடவே தொபியாசின் குரலும் கேட்டது. அது சொல்லாக இல்லை.

"உள்ள வந்துட்டான்" என்று டெல்வின் அலறினான். "ரெண்டு காலும்."

"அமுத்து."

வள்ளம் நின்றது. அடுத்த அலை ஏறிக்கொண்டிருந்த நடுவில், அணியம் மேலாகவும் பின்பக்கம் தாழ்ந்தும், ஏற்றத்தில் வண்டி நிறுத்தியதுபோலச் சாய்ந்து நின்றது. அலை அதற்கு அடியில் வழி இல்லாமல் ரெண்டாகப் பிளந்து ரெண்டு பக்கமும் போனது. அதற்குப் பிறகு வந்த அலைகளும் அப்படியே போயின. கடல் முழுக்க எழுந்து விழுந்துகொண்டிருக்க, அதன் நடுவில் ஒரு நீல வள்ளம் சுவரில் மாட்டிய படம் மாதிரி ஆடாமல் இருந்தது.

ஜெசிந்தா கல்லில் உட்கார்ந்தாள். போனில் யாரோ இருமினார்கள், காறித் துப்பினார்கள், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அது கஸ்பாரின் கெட்ட வார்த்தை. பிறகு, "மாமாவுக்குக் கை போச்சு" என்றான் அவன்.

காற்று சாயங்காலம் அடங்கியது. நசரேனின் வள்ளம் பக்கத்தில் போய் நின்று, தொபியாசை முதலில் ஏற்றிக்கொண்டு வந்தது. நங்கூரக் கயிறு அவருடைய வலது கையை அணியத்துக் கட்டையோடு வைத்து இறுக்கியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்தார்கள். பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெசிந்தா பிளாஸ்கில் காப்பி கொண்டுபோனாள். சவேரியம்மாள் வாங்கிக்கொண்டாள், ஊற்றினாள், குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்த பிறகு பேசினாள்.

"தலை வெளிய வந்தப்பவே அமுத்தியிருக்கலாம்."

"காலு உள்ள மாட்டியிருக்குமேக்கா. ரெண்டு நாளு விடாதே அது."

"மாட்டியிருக்கும்." சவேரியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாருக்காவது ஏதாவது போயிருக்கும்தான். எது யாருக்குப் போவணும்னு நீ முடிவு பண்ணுன. அதைத்தான் சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல."

ஜெசிந்தாவுக்குப் பதில் இருந்தது. அது சரியான பதிலாகவும் இருந்தது. அந்த அலை வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள், அப்போதும் பொறு என்றுதான் வந்தது, பிளாஸ்கை எடுத்து மூடினாள்.

வள்ளம் ரெண்டு நாள் ஆனைப்பாருக்குப் பக்கத்தில் சாய்ந்தபடியே நின்றது. கடற்காகங்கள் அதில் உட்கார்ந்து பழகிவிட்டன. போனுக்குத் திரும்பவும் பூட்டுப் போட்டு, கடல் பார்த்துத் திருப்திப்பட்டு வள்ளத்தை விட்ட பிறகு, இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஞாயிறு பெண்கள் மறுபடி மண்டபத்தில் கூடினார்கள். ஆண்களிடமே கோட்டைச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். நசரேனின் மகள் எழுந்து வாசலில் நின்ற தன் புருஷனைக் காட்டி, ஆவணியில் பூட்டை எடுத்த இவரிடமா என்று கேட்டாள், சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. நெடுநேரம் யாரும் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருத்தி, யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை, தன் ஆள் போகும் வள்ளத்தின் பூட்டு தன் கையில் இருக்கக் கூடாது என்றாள். தன் கையில் இருந்தால் ஒன்று கை நடுங்கும், இல்லையென்றால் தன் ஆளை மட்டும் நினைத்து நடுங்காமல் நிற்கும், ரெண்டும் ஆகாது, அடுத்த வீட்டுக்காரி வைத்திருக்கட்டும் என்றாள். அது நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததால் ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அன்றைக்கே ஊரில் பூட்டுகள் வீடு மாறத் தொடங்கின.

"எங்க வள்ளத்துப் பூட்டை நான் வச்சுக்கிடுதேன்" என்றாள் சவேரியம்மாள். "எங்க வீட்டாளு இனி அதுல போகப் போறதில்லை."

எழுத்துப் பிடிபடாதே என்று யாரோ சொன்னார்கள். கோட்டுக்கு எழுத்து எதற்கு என்றாள்.

கஸ்பாரும் டெல்வினும் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போக நாள் குறித்தார்கள். அன்று விடிந்ததும் ஜெசிந்தா வள்ளத்துப் போனை எடுத்துக்கொண்டு ரெண்டு வீடு தள்ளிப் போனாள். புதுக் கோடு கேட்கும் திரையை அவள் திறந்து கொடுக்க, சவேரியம்மாள் அதை வாங்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் முழங்கை ஒருமுறை அசைந்தது, மறுபடி ஒருமுறை, அதே அளவுக்கு, அசைந்தது. திரும்பிப் போனைக் கொடுத்தாள். திரை இருண்டிருந்தது.

"அக்கா" என்றாள் ஜெசிந்தா. "அவசரத்துக்குக் கேட்டா, கோட்டைச் சொல்லுவியல்ல?"

"கேளு. கேட்டுப் பாரு."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த தொபியாஸ், "சும்மா இருங்களேன்டி, ரெண்டு பேரும்" என்றார்.

ஜெசிந்தா போனைக் கரைக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். கஸ்பார் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், வள்ளத்துக்குத் தோள் கொடுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வள்ளம் தூண்டில் வளைவை ஒட்டிப் போய், முனையைத் தாண்டி, கடல் சோதித்துப் பார்க்கும் இடத்துக்கு வந்தது. பூட்டு இருந்தது; கடலுக்கு அது போதுமாக இருந்தது. யாருடைய பூட்டு, யாருடைய கையில், என்ன மனத்தோடு என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை. வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டு வெளியே போயிற்று.

மணி ஏழுகூட ஆகியிருக்கவில்லை. ஜெசிந்தா வீட்டுக்குப் போகவில்லை. சவேரியம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றாள். சவேரியம்மாள் புருஷனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, அடுத்த வாய்க்குக் குனிந்தாள். ஜெசிந்தா வாசல்படிக்குக் கீழே மணலில் உட்கார்ந்து பத்து மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.